கடைசி வரியில் வந்த அப்பாவின் நகம்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது. ஊர்ப்பெயரையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 38 வயது. நடவு, களை என்று வயல் வேலைக்குப் போகிறேன். ஒரு வருடமாக என் கை நகமெல்லாம் மெலிந்து, நடுவில் குழிந்து, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தலைசீவும்போது முடி மாட்டிக்கொள்கிறது. சேற்றிலேயே கிடந்தால் நகம் அப்படித்தான் ஆகும் என்கிறார் மாமியார். கிட்னி கெட்டால் நகத்தில் தெரியும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதிலிருந்து தூக்கம் இல்லை. என் மகளுக்கு 9 வயது. அவள் நகத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. கால்சியம் குறைவு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் டானிக் வாங்கிக் கொடுத்தேன். ஐப்பசியில் அவளுக்கு டெங்கு வந்து பிழைத்தாள். இப்போது எல்லா நகத்திலும் குறுக்கே பள்ளமாக ஒரு கோடு தெரிகிறது. இதற்கெல்லாம் என்ன செய்வது?

பின்குறிப்பு: போகிக்கு முதல் நாள் என் அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டேன். நகம் கிளி மூக்கு மாதிரி வளைந்து, விரல் நுனியெல்லாம் உருண்டிருக்கிறது. நகவெட்டி உள்ளேயே போகவில்லை. நகச்சுத்தி என்று நினைத்துக் கட்டைவிரலில் ஒரு வாரம் எலுமிச்சம்பழம் செருகிப் பார்த்திருக்கிறார். வலி ஒன்றும் இல்லை என்கிறார். 63 வயது. ரைஸ்மில்லில் வேலை பார்த்தவர். பீடியை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. இருமல் எப்போதும் உள்ளதுதான். இப்போது கணுக்கால் வலி என்று தைலம் தேய்க்கிறார். வயசானால் நகம் இப்படி ஆகுமா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்துக்குக் கீழிருந்து மேலாகப் பதில் சொல்கிறேன். நீங்கள் போகிற போக்கில் பின்குறிப்பாகப் போட்டீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் நகம் இரண்டு வாரம் பொறுத்தாலும் குடி முழுகிப்போகாது. அப்பாவை இந்த வாரத்துக்குள் மார்பு எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போங்கள்.

வயசானால் நகம் தடிக்கும், மங்கும், நீளவாக்கில் வரிவரியாக ஓடும். கிளி மூக்காக வளைந்து விரல் நுனி உருளுவது வயசால் வருவதில்லை.

நகச்சுத்தியும் இல்லை. நகச்சுத்தி என்பது நகக்கண்ணில் கிருமி புகுந்து பழுப்பது. ஒரு விரலில் வரும், மிஞ்சினால் இரண்டில் வரும். சிவந்து, விண்விண்ணென்று தெறித்து, ராத்திரி தூங்க விடாது. அப்பாவுக்கோ விரல் நுனியெல்லாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. வலித்திருந்தால் அவரே எப்போதோ டாக்டரிடம் போயிருப்பார். வலிக்காததால்தான் ஒரு எலுமிச்சம்பழத்தோடு விஷயம் முடிந்துவிட்டது.

இந்த மாற்றத்தை நாங்கள் கிளப்பிங் என்போம். 'டிரம்ஸ்டிக் விரல்' என்றும் ஒரு பெயர் உண்டு. மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாக அதைக் கேட்டபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் முருங்கைக்காயைத்தான் நினைத்துக்கொண்டோம். அவர்கள் சொன்னது பேண்டு வாத்தியத்தில் பெரிய முரசை அடிக்கும், நுனியில் உருண்டை வைத்த குச்சியை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டிஸ், நெஞ்சுக்கூட்டில் சீழ் கட்டியவர்களுக்கு நகம் வளைவதைக் குறித்து வைத்திருக்கிறார். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இல்லாத காலத்தில் நெஞ்சுக்குள் நடப்பதை விரலில் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு கையிலும் ஒரே விரலை, ஆள்காட்டி விரல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மடக்கி நகத்தோடு நகம் ஒட்டும்படி சேர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். சாதாரண விரலானால் இரண்டு நகமும் தொடங்கும் இடத்தில் வைரக்கல் வடிவில் சின்னதாக ஓர் இடைவெளி தெரியும், அதன் வழியே வெளிச்சம் வரும். கிளப்பிங் இருந்தால் அந்தச் சந்து அடைபட்டுப் போகும். உங்கள் நகமே குழிந்திருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுக்காரர் விரலை எடுத்துக்கொள்ளுங்கள். இதை 1976-இல் எழுதியவர் தென்னாப்பிரிக்க இதயநோய் மருத்துவர் லியோ ஷாம்ராத். அவருடைய இதய வால்விலேயே கிருமித் தொற்று வந்திருந்தது. தன் விரல்களில் நடந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் இதைக் கண்டுகொண்டார்.

இன்னொன்றும் பார்க்கலாம். அப்பாவின் விரலைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். தோல் முடிந்து நகம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன இறக்கம் இருக்க வேண்டும். அது நிரவி, மேடு தட்டியிருக்கும். நகத்தின் அடிப்பக்கத்தை மெல்ல அழுத்தினால் கீழே பஞ்சு வைத்தது போல அமுங்கும். டாக்டருக்குக் காட்டப் போன் படம் எடுப்பதானால் மேலிருந்து எடுக்காமல் பக்கவாட்டில் எடுங்கள்.

நெஞ்சில் கோளாறு என்றால் விரல் ஏன் வீங்க வேண்டும்? இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது. இரத்தத் தட்டணுக்களை உண்டாக்கும் பெரிய செல்கள் இருக்கின்றன. அவை இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கே முடி மாதிரி மெல்லிய குழாய்களில் சிக்கிச் சிறுசிறு தட்டணுக்களாக உடையும். நுரையீரல் கெட்டு இரத்தம் வேறு வழியாகப் பாய்ந்தால், அந்தப் பெரிய துண்டுகள் உடையாமலே தப்பி, இரத்த ஓட்டத்தின் கடைமடையான விரல் நுனியில் போய்த் தங்கிவிடும். அங்கே அவை வெளிவிடும் பொருள்களால் புது இரத்தக் குழாய்களும் திசுவும் வளர்ந்து நுனி பருத்துப் போகிறது. தலைமடையில் மதகு பழுதானால் எங்கே தெரியும் என்று டெல்டாவில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

சரி, எந்தெந்த நோயில் வரும்? 63 வயது, பல வருடம் பீடி, விடாத இருமல் என்று கேட்டதும் எந்த மருத்துவரும் முதலில் நுரையீரல் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் பார்ப்பார். இந்த வார்த்தையை மறைத்து எழுதினால் நீங்கள் பொங்கல் வேலையெல்லாம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடுவீர்கள், அதனால் சொல்லிவிட்டேன். ஆனால் அதுவாகத்தான் இருக்கும் என்று இல்லை. மூச்சுக்குழல்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்குவது, நுரையீரலில் சீழ்க்கட்டி, நுரையீரல் தழும்பாகி இறுகிப்போவது, எப்போதோ வந்துபோன காசநோய் விட்டுவைத்த சேதம் ஆகியவற்றிலும் வரும். நுரையீரலுக்கு வெளியே போனால் இதய வால்வுத் தொற்று, பிறவியிலேயே உடம்பு நீலம்பாரிக்கும் இதயக் கோளாறு, கல்லீரல் சுருக்கம், நாள்பட்ட குடல் அழற்சி, அபூர்வமாகத் தைராய்டு. சில குடும்பங்களில் எந்த நோயும் இல்லாமல் பரம்பரையாகவே விரல் இப்படி இருப்பதும் உண்டு.

அப்பாவுக்கு அந்தக் கடைசி வகையா என்பதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு வழி: உங்கள் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். தாரை வார்த்துக் கொடுக்கும் படம் இருந்தால் அதில் அப்பாவின் கை தெளிவாக விழுந்திருக்கும். அன்றைக்கும் விரல் இப்படியே உருண்டிருந்ததென்றால் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். அன்றைக்குச் சாதாரணமாக இருந்து இப்போது மாறியிருந்தால் அந்தப் படத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயை மட்டும் எப்படியிருந்தாலும் விடக்கூடாது.

"பீடி குடித்த நெஞ்சு, அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். புகைபிடித்தவர்களுக்கு வரும் சாதாரண நாள்பட்ட மூச்சுத்திணறல் நோய் தனியாக இந்த நக மாற்றத்தை உண்டாக்குவதில்லை. அந்த நோயாளிக்கு நகம் வளைந்தால், கூடவே இன்னொரு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். சர்க்கரை, பிரஷரிலும் இது வராது.

அந்தக் கணுக்கால் வலிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கிளப்பிங்கோடு சேர்ந்து கணுக்கால், மணிக்கட்டுப் பக்கத்து நீள எலும்புகளின் மேல்தோலில் புது எலும்பு படிவதுண்டு. ராத்திரியில் குடைச்சல் கொடுக்கும். வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

நானே அப்படி ஏமாந்திருக்கிறேன். பயிற்சி முடித்து வந்த புதிதில், கணுக்கால் வலி என்று ஒரு பெரியவர் மாதாமாதம் என்னிடம் வருவார். வலி மாத்திரை எழுதிக் கொடுப்பேன், கொஞ்சம் தேவலாம் என்பார், அடுத்த மாதம் திரும்ப வருவார். நான்கு மாதம் அவர் காலையே அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் விடுப்பில் இருந்தபோது என் மூத்த மருத்துவர் அவரைப் பார்த்திருக்கிறார். காலைத் தொடுவதற்கு முன் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தாராம். அன்றே எக்ஸ்ரே. வலது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி. அந்த நான்கு மாதத்துக்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. அதற்கப்புறம் என்னிடம் வருகிறவர் தலைவலி என்று வந்தாலும் கையை நீட்டச் சொல்வேன். சிலர் ஜோசியம் பார்க்கிறேனோ என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

என்ன செய்ய வேண்டும்? மன்னார்குடி அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். "இருமல்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாமல், "விரல் நுனி உருண்டிருக்கிறது, கணுக்கால் வலிக்கிறது, பீடி குடித்தவர், ரைஸ்மில்லில் தூசியில் வேலை பார்த்தவர்" என்று நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்குச் சளிப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை, தேவையென்றால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும், நகம் சமீபத்தில் மாறியிருந்தால் சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். இதயத்துக்குப் பின்னாலும், கழுத்துக்குக் கீழே உள்ள காறை எலும்புக்குப் பின்னாலும் இருப்பது எக்ஸ்ரேக்குத் தப்பிவிடலாம். அடுத்த கட்டத்துக்குத் திருவாரூரிலோ தஞ்சாவூரிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும், வீட்டில் பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய படம் பக்கத்தில் இருந்தால்தான் புது நிழல் புதுசா பழசா என்று சொல்ல முடியும்.

சளியில் இரத்தம், குரல் கம்முவது, உடம்பு இளைப்பது, படுத்தால் மூச்சுத் திணறுவது, முகமும் கழுத்தும் வீங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரம் என்பதை நாளைக் காலை என்று மாற்றிக்கொள்ளுங்கள். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் நகம் பழையபடி திரும்புவதும் உண்டு, சீழ்க்கட்டி ஆறியவர்களிடம் நானே பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் நகத்துக்கு வருகிறேன். முதலில் கிட்னி. சிறுநீரகம் நாள்பட்டுச் செயலிழந்தவர்கள் சிலருக்கு நகத்தின் அடிப்பாதி வெளுத்தும் நுனிப்பாதி பழுப்பாகவும், கோடு போட்டுப் பிரித்த மாதிரி இரண்டு நிறமாக இருக்கும். அந்த வீடியோவில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். உங்களுடையது நிறம் மாறிய கதை இல்லை, வடிவம் மாறிய கதை. தூங்குங்கள்.

நடுவில் குழிந்து ஓரம் தூக்கிய நகத்தைக் கரண்டி நகம் என்போம். நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வழியாமல் குழிக்குள் தங்கி நின்றால் அதுதான். இந்த வயதில், இந்த ஊரில், இதற்கு முதல் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. நடவுக்குப் பத்துப் பேர் வரிசையாகக் குனிந்து நின்றால் ஐந்து பேர் சோகையோடுதான் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அத்தனை பேருக்கும் நகம் குழிவதில்லை. குறைவு ரொம்ப நாளாக இருந்தால்தான் குழியும்.

மாமியார் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. நாள் முழுக்க ஈரத்தில் ஊறி, அப்புறம் சோப்புத்தூளில் துணி துவைக்கிற கையின் நகம் மெலிந்து வளையத்தான் செய்யும். ஏற்கெனவே சத்தில்லாத நகம் என்றால் சீக்கிரம் வளையும். அவர் சொல்வது பாதி காரணம், மீதிப் பாதி இரத்தத்தில் இருக்கிறது.

சில கேள்விகள் கேட்கிறேன், மனதுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். வரப்பு ஏறினால் படபடப்பும் மூச்சு வாங்கலும் உண்டா? வாயோரம் வெடிக்கிறதா? நாக்கு வழவழவென்று ஆகிக் காரம் பட்டால் எரிகிறதா? பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, விபூதி, சாம்பல் இதில் எதையாவது தின்ன வேண்டும் போல இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்டால் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்ளாதவர்கள் குறைவு. அது கெட்ட பழக்கம் இல்லை, இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால் அந்த ஆசை தானாக அடங்கிவிடும். சோறு விழுங்கும்போது தொண்டையில் நிற்கிற மாதிரி இருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, இரும்பு எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். 38 வயதில் பெரும்பாலும் மாதவிடாய் வழியாகத்தான் போகும். கட்டிகட்டியாகப் போவது, ஏழு நாளுக்கு மேல் நீள்வது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பது எல்லாம் 'எனக்கு எப்பவும் இப்படித்தான்' என்று விடக்கூடியது இல்லை. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம். மூலத்தில் இரத்தம் போகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வயலில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு இன்னொரு ஒழுக்கும் உண்டு, கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் இருக்கும் இதன் குஞ்சு பாதத்தோலைத் துளைத்து ஏறும். அந்த இடம் அரிக்கும். சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சள் தடவி விட்டுவிடுவோம். அது இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியே குடலுக்கு இறங்கிச் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது துளியிலும் துளி. நூற்றுக்கணக்கில் சேர்ந்து வருடக்கணக்கில் குடித்தால் உடம்பு தாங்காது. செருப்புப் போட்டுக்கொண்டு நடவு நட முடியாது என்று எனக்கும் தெரியும். வரப்பிலும் கொல்லைப்பக்கமும் போட்டுக்கொள்ளலாம் இல்லையா? கர்ப்பம் இல்லை என்றால் ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் சோகை. முடிந்தால் ஃபெரிட்டினும் பாருங்கள், அது உடம்பின் இரும்புக் குதிர். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் குதிர் காலியாக இருக்கிறவர்கள் உண்டு. இரண்டும் சரி என்றால் தைராய்டைப் பார்க்க வேண்டும், ஈரத்தையும் சோப்பையும் குறைக்க வேண்டும்.

குறைவு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் இரும்புச்சத்து மாத்திரை. எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு போட்டால் நன்றாகச் சேரும். உங்கள் வீட்டு எலுமிச்சம்பழத்துக்கு இதுதான் சரியான வேலை. களத்தில் வரும் 11 மணி டீக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள், டீ இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிற்றைப் பிடித்தால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிக் கொடுப்பார். முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் காலியான குதிர் சாப்பாட்டால் மட்டும் நிரம்ப வருடக்கணக்காகும். பேரீச்சம்பழத்துக்கு நம் ஊரில் இருக்கும் பேர் அதற்குக் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

எப்போது நகம் சரியாகும் என்று கேட்பீர்கள். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், அடியிலிருந்து நுனி வர ஆறு மாதம். இப்போது தையில் மாத்திரை தொடங்கினால் ஆடிப்பெருக்கன்று காவிரிக்குப் போகும்போது கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதமே மூச்சு வாங்கல் நின்றுவிடும், 'சரியாகிவிட்டது' என்று மாத்திரையை விட்டுவிடத் தோன்றும். விடக்கூடாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் குதிர் நிறையும்.

மகளுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சந்தோஷப்படுங்கள். வெள்ளைப் புள்ளி என்பது நகம் உருவாகும் இடத்தில் எப்போதோ பட்ட சின்ன அடி. கதவில் இடித்திருப்பாள், இல்லையென்றால் நகம் கடிக்கிற பிள்ளையாக இருக்கும். நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, அதில் கால்சியம் மிகக் கொஞ்சம். டானிக்கை நிறுத்திவிட்டு அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள். குறுக்குப் பள்ளம் டெங்குவின் கையெழுத்து. கடும் காய்ச்சலில் உடம்பு நகம் வளர்ப்பதைச் சில நாள் நிறுத்திவைக்கும், அந்த இடைவெளி பள்ளமாகப் பதிந்துவிடும். பிரெஞ்சு மருத்துவர் போ 1846-இல் இதை விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். அவளுடைய ஸ்கேலை எடுத்து நகத்தின் அடியிலிருந்து பள்ளம்வரை அளந்து பாருங்கள். ஐப்பசிக்கும் தைக்கும் மூன்று மாதம், கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் வர வேண்டும். நகம் வளர வளரப் பள்ளம் நுனிக்கு வந்து, நகவெட்டியோடு போய்விடும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுப்பார்கள், அதைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அப்பாவின் கையைப் பார்க்கும்போது பயன்படும். நம் போன்ற மாநிறத்தவர்களுக்கும் கறுத்தவர்களுக்கும் பல நகங்களில் நீளவாக்கில் கறுப்புக் கோடு ஓடுவது சகஜம். ஒரே ஒரு நகத்தில் மட்டும் புதிதாகத் தோன்றி, நாளாக நாளாக அகலமாகி, பக்கத்துத் தோலிலும் கறுப்பு இறங்கினால் தோல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். மற்றபடி குழி குழியாக ஊசி குத்திய மாதிரி இருப்பது, நகம் தோலை விட்டுத் தூக்குவது எல்லாம் பெரும்பாலும் தோல் நோய் சம்பந்தப்பட்டவை, அவசரமில்லை.

உங்கள் கை என்று அனுப்பிய படத்தில் பொங்கலுக்கு வைத்த மருதாணி நன்றாகப் பற்றியிருக்கிறது. அழகுதான், ஆனால் நகம் வெளுத்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நகத்தில் ஏறிய மருதாணி சீக்கிரம் போகாது. அதனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். அடுத்த பரிசோதனைவரை நகத்தை மட்டும் விட்டுவிட்டு உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அப்பாவை எப்படி அழைத்துப் போவது? 'உங்களுக்கு நெஞ்சில் ஏதோ இருக்கிறதாம்' என்று சொன்னால் வர மாட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போயி உன் புள்ளையப் பாரு" என்பார். எனக்கு இந்த ஊர் அப்பாக்களைத் தெரியும். பொய் சொல்லவும் வேண்டியதில்லை. உங்களுக்கு இரத்தப் பரிசோதனை பண்ண வேண்டும் என்பது உண்மைதானே. "தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கு, துணைக்கு வாங்கப்பா" என்று கூப்பிடுங்கள். மகளுக்குத் துணை என்றால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே வந்து நிற்பார். ஆஸ்பத்திரி வாசலில் ஓ.பி. சீட்டு எழுதும்போது இரண்டாக எழுதச் சொல்லுங்கள்.